முதுகுக்குப் பின்னால் நிற்கிற வேலை

பிப்ரவரி 3, திங்கள்

இன்று நான் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்த ஒரு மனிதர், இருக்கிற ஃபிரேமையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, "ஃபிரேம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, முகம்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு எதுவும் வாங்காமல் போனார். நேர்மையான மனிதர். நான் எத்தனையோ பேரிடம் சொல்ல நினைத்து விழுங்கிய வாக்கியம் அது. முதலாளிதான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தால் என் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே நாத்தனார். "ரெண்டு வாரம் இருந்துட்டுப் போறேன்" என்று பெட்டியோடு வந்தது டிசம்பரில். அது எந்த ஊர்க் கணக்கில் ரெண்டு வாரமோ தெரியவில்லை. அறை என்றால் அரண்மனை இல்லை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், அவ்வளவுதான். வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சும்மா படுத்திருப்பேன். ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். இந்த வீட்டில் எனக்கென்று நான் கேட்டது அது ஒன்றுதான். இப்போது ஜன்னல் கம்பியில் அவளுடைய ஈரத் துண்டு தொங்குகிறது.

(நேரில் "அண்ணி", "நீங்க". இங்கே அவள். டைரிக்கு என்ன மரியாதை.)

இவரிடம் கேட்டேன்: "உங்க அக்கா எப்பக் கிளம்புறாங்க?"

"கேக்கிறேன்."

இவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் சரியான மாடியில் நிறுத்துவார். அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மட்டும் எந்த மாடியிலும் நிற்கமாட்டார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பூக்கடைக்காரிக்குக் கணுக்கால் சுளுக்கு, வியாழக்கிழமை கூடைப்பந்து ஆட்டத்துக்கு அஞ்சாவது ஆள் இல்லை என்று காலையில் சும்மா புலம்பினேன். சாயங்காலம் பயிற்சிக்குக் கிளம்பும்போது நாத்தனார் ஷூ கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "காலேஜ்ல ஆடியிருக்கேன். சும்மா வந்து பாக்கிறேனே."

எங்கள் அணி என்பது கடைத்தெருப் பெண்கள். பேக்கரிக்காரம்மா கோச். தையல்காரி பந்தைத் தட்டிக் கொண்டுவருவாள். மீதிப் பேர் ஓடுவார்கள். நான் நிற்பேன். என் அகலத்துக்கும் வேகத்துக்கும் அதுதான் தோது. அதனால் பட்டப்பெயர் "தூண்". முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன், தூணை யாரும் ஓடச் சொல்வதில்லை.

சும்மா பார்க்க வந்தவள் பந்தைக் கையில் வாங்கினாள். இரண்டு எட்டு வைத்தாள், எழும்பினாள், பந்து வளையத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. நாற்பத்தைந்து வயது. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். தையல்காரி என் காதில், "இந்தம்மாவை இத்தனை நாள் வீட்டில ஒளிச்சு வச்சிருந்தியா?" என்றாள்.

ஒளித்து வைக்கவில்லையடி, என் அறையில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 5, புதன்

மத்தியானம் கோச் கூப்பிட்டனுப்பினாள். பேக்கரியின் பின்கட்டில் மாவு தூவிய மேஜைமேல் விரலால் கோடு போட்டுத்தான் அவள் ஆட்டம் சொல்லிக்கொடுப்பது. மறுநாள் அதே மேஜையில்தான் ரொட்டி பிசைவாள். நம் தோல்வியெல்லாம் ஊர் வயிற்றில்தான் போய்ச் சேர்கிறது.

"இது உன் நாத்தனார். இது அவளைக் காவல் காக்கிற எதிராளி. எதிராளியோட கண்ணு பந்து மேல இருக்கும். நீ சத்தமே போடாம அவ முதுகுக்குப் பின்னால போய் நிக்கிற. காலை அகட்டி, கையை நெஞ்சில கட்டி. உன் நாத்தனார் உன் தோளை உரசிக்கிட்டுக் கூடைக்கு ஓடுவா. எதிராளி துரத்தத் திரும்புவா. திரும்பினா அங்க நீ இருப்ப. தையல்காரி பந்தை மேல தூக்கிப் போடுவா. முடிஞ்சுது. இதுக்குப் பேரு பேக் ஸ்கிரீன்."

"அவ என் மேல மோதுவாளே."

"மோதட்டும். உன்னை மாதிரி உடம்பு கடவுள் சும்மாவா குடுத்தான்?"

சட்டம் இரண்டு. எதிராளிக்கு நான் நிற்பது தெரியாது என்பதால் அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு எட்டு இடம் விடவேண்டும். நின்ற பிறகு அசையக்கூடாது. காலை நகர்த்தினாலோ தோளைச் சாய்த்தாலோ ஃபவுல். பந்து அவர்களுக்குப் போய்விடும். நான் ஐந்து ஃபவுல் வாங்கினால் வெளியே உட்காரவேண்டும்.

ஆக, விவரம் தெரியாத ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் பூனை மாதிரி போய் நிற்பது, இடி வாங்குவது, கைதட்டலை நாத்தனாருக்குக் கொடுப்பது. கல்யாணமானதிலிருந்து செய்துவருகிற வேலைதான். இப்போது அதற்கு ஜெர்சி கொடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

தோற்றோம். காரணம் நான். இல்லை, காரணம் விசில்.

மைதானத்தில் நுழைந்தால் ரெஃப்ரி நாத்தனாரின் புருஷன். நான் அண்ணன் என்று கூப்பிடுகிற அவர் இந்த லீகில் விசில் ஊதுவது தெரியும். ஆனால் எங்கள் ஆட்டங்களுக்கு வேறொருவர்தான் வருவார். அவருக்கு முழங்காலில் ஆபரேஷனாம், சீசன் முடியும்வரை அண்ணன்தானாம். புருஷனும் பெண்டாட்டியும் டிசம்பருக்குப் பிறகு இன்றுதான் நேருக்கு நேர் பார்த்துக்கொள்கிறார்கள். நாத்தனார் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் போய் நிற்கிறேன், விசில். "தோள் சாயுது." இன்னொரு தடவை நிற்கிறேன், விசில். "கால் நகருது." மூன்றாவது தடவை என்ன சாய்ந்தது, என்ன நகர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. மனசாட்சியைத் தொட்டுச் சொன்னால், கொஞ்சம் சாய்ந்தேன்தான். இடி வருகிறது என்று தெரிந்தால் உடம்பு தானாக முந்திக்கொள்கிறது. யார்தான் சும்மா நின்று வாங்குவார்கள்?

இடது விலாவில் முழங்கை பட்ட இடம் கத்திரிப்பூ நிறத்தில் இருக்கிறது. இவர் பார்த்துவிட்டு, "ஐஸ் வை" என்றார். மாடி மாறாத பதில்.

பிப்ரவரி 8, சனி

அண்ணன் கடைக்கு வந்தார்.

கண்ணாடியின் மூக்குப்பிடி தளர்ந்துவிட்டதாம். தளரவில்லை. வாங்கி இரண்டு பக்கமும் முறுக்குகிற மாதிரி பாவனை செய்தேன். சுத்தமான சட்டை, இஸ்திரி போட்டது. பாவமாகத்தான் இருந்தது.

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க அண்ணா."

"நான் ஒரு வார்த்தை அதட்டினதில்லம்மா. கை ஓங்கினதில்ல. நீயே சொல்லு, எதுக்குக் கிளம்பி வந்தா?"

அதுதானே. குடிகாரர் இல்லை, அடிக்கிறவர் இல்லை. சொந்த வீடு, அதில் மூன்று அறை. மூன்று! அதையெல்லாம் விட்டுவிட்டு வந்து என்னுடைய ஒற்றை அறையைப் பிடித்துக்கொண்டால் எப்படி. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் அண்ணா, கோபம் தணிந்துகொண்டுதான் வருகிறது என்று சொன்னேன். அவளாக அப்படி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்படித் தோன்றியது. அல்லது அப்படித் தோன்றவேண்டும் என்று தோன்றியது.

"நீ ஒருத்தியாவது நியாயமாப் பேசுற" என்றார். போகும்போது வாசலில் திரும்பி, "அன்னைக்கு மூணாவது விசில் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேனோ என்னமோ" என்றார்.

பிப்ரவரி 13, வியாழன்

ஜெயித்தோம். நான் நின்ற இடமெல்லாம் கோயில் மாதிரி அமைதி. ஒரு விசில் இல்லை. நாத்தனார் என் தோளை உரசிக்கொண்டு ஓடி ஓடிப் போட்டாள். எதிரணியில் தபால் ஆபீஸ் பெண் ஒருத்தி என்மேல் மோதி விழுந்து, "ஏங்க, நீங்க எப்ப இங்க வந்தீங்க?" என்று நிஜமாகவே கேட்டாள்.

கொஞ்சம் சாய்ந்தேன். ஒரு தடவை இடுப்பாலும் ஒரு தள்ளு. அவர் நேரே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நாத்தனார், "நீ நின்னா எனக்கு ரோடு போட்ட மாதிரி இருக்கு" என்றாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. நான் ஏதோ முனகினேன்.

பிப்ரவரி 15, சனி

மறுபடி வந்தார். இந்தத் தடவை மூக்குப்பிடி நிஜமாகவே தளர்ந்திருந்தது. அவரே தளர்த்தியிருப்பார். என்ன சாப்பிடுகிறாள், தூங்குகிறாளா, போனில் யாரிடம் பேசுகிறாள் என்று கேட்டார். சொன்னேன். இதில் என்ன தப்பு? புருஷன், பெண்டாட்டியைப் பற்றிக் கேட்கிறார். ஊர்க்காரன் கேட்டால்தானே வம்பு.

ஃபவுல் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேசாமலே விளங்குகிற விஷயங்கள் உலகத்தில் இருக்கின்றன.

பிப்ரவரி 18, செவ்வாய்

நாத்தனார் என் தலையணையையும் எடுத்துக்கொண்டுவிட்டாள். கழுத்து வலியாம்.

பிப்ரவரி 20, வியாழன்

மறுபடி ஜெயித்தோம். விசில் இல்லை. "தூணுக்கு இப்பத்தான் வேலை பிடிபட்டிருக்கு" என்று கோச் எல்லார் முன்னாலும் சொன்னாள். ஒரு ரொட்டி கூடக் கொடுத்தாள். அதைச் சாப்பிடும்போது தொண்டையில் எதுவும் சிக்கவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 22, சனி

நாத்தனாருக்கு ஒரு வேலை வருகிற மாதிரி இருக்கிறது. விளையாட்டுச் சங்கத்தில் பள்ளிக்கூடப் பெண்களுக்குச் சாயங்காலம் பந்து சொல்லித்தரவேண்டும். நேற்றுப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. முதல் மாதம் சம்பளம் வந்ததும் தனியாக ஒரு இடம் பார்த்துக்கொள்வேன் என்றாள். "உன் ரூமை உனக்குக் குடுத்துடுவேன். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" என்றாள். எனக்குக் காது சூடானது.

இதை அண்ணன் வந்தபோது சொன்னேன். ஏன் சொன்னேன்? நல்ல செய்தி என்று நினைத்துத்தான். அவளும் சும்மா இல்லை, உருப்படியாக இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியட்டுமே என்று. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எந்தச் சங்கம்?" என்று கேட்டார். சொன்னேன்.

மார்ச் 3, திங்கள்

வேலை போய்விட்டது. வரவே இல்லை, அதற்குள் போய்விட்டது.

சங்கத்திலிருந்து போன். "உங்க வீட்டுக்காரர் வந்து பேசினார். நீங்க சீக்கிரம் வீட்டுக்குத் திரும்பிடுவீங்களாம், அந்தப் பக்கத்திலேர்ந்து தினம் வந்துபோக முடியாதாம். நாங்க வேற ஆளைப் பாத்துட்டோம்." மரியாதையாகத்தான் சொன்னார்களாம். நாத்தனார் போனை மேஜைமேல் வைத்துவிட்டு, "அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின தட்டையே மறுபடி கழுவினேன்.

மார்ச் 4, செவ்வாய்

பயிற்சிக்குப் போகும் வழியில் நானே கேட்டேன், "அண்ணி, அவர் அப்படி என்னதான் பண்ணார்?" டிசம்பரிலிருந்து இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. எப்போது கிளம்புவாள் என்பதை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அதையும் இவரிடம்.

"ஒண்ணும் பண்ணமாட்டார். பேசமாட்டார்" என்றாள். "நான் ஏதோ தப்புப் பண்ணியிருப்பேன். என்ன தப்புன்னு சொல்லமாட்டார். நானே கண்டுபிடிக்கணும். சாப்பாடு வச்சா சாப்பிடுவார். பக்கத்தில உக்காந்து டிவி பாப்பார். நான் கேட்டா, கேட்டதே காதில விழாத மாதிரி இருப்பார். கடைசித் தடவை ஒரு மாசத்துக்கு மேல. அலமாரியை நான் அழுத்தி மூடினதாலயா, அவங்க அம்மாவுக்குப் போன் பண்ண மறந்ததாலயா? எல்லாத்துக்கும் மன்னிப்புக் கேட்டேன். பண்ணாததுக்கும் கேட்டேன். ஒருநாள் நான் குளியலறையில எனக்கு நானே பேசிக்கிட்டிருந்தேன். அப்பத்தான் பெட்டியை எடுத்தேன்."

சொல்லிவிட்டு, "நடையை எட்டிப் போடு, கோச் கத்தும்" என்றாள்.

பயிற்சியில் நான் எங்கே நின்றேன், யார் இடித்தார்கள், எதுவும் நினைவில்லை.

அந்த ஆள் இஸ்திரி போட்ட சட்டையோட வந்து நிக்கிறார். நான் மூக்குப்பிடி முறுக்குறேன். அவ என்ன சாப்பிட்டான்னு சொல்றேன். எங்க வேலைக்குப் போறான்னு சொல்றேன். அவ பாக்காத பக்கமா போய் நின்னது யாரு? நான்தானே. எதுக்கு? ஒரு ரூமுக்கு. நாலு விசிலுக்கு. சே.

மார்ச் 5, புதன்

சொல்லிவிட்டேன்.

இவர் வேலைக்குப் போன பிறகு, அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது. முன்னுரை எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாம் ஓடிப்போய், "நான்தான் அண்ணி சொன்னேன்" என்பது மட்டும் வந்தது. பிறகு மீதியும் வந்தது. கடை, சனிக்கிழமை, கண்ணாடி, எல்லாம்.

கத்தியைக் கீழே வைத்தாள். நறுக்கின காயை ஓரமாக ஒதுக்கினாள். பிறகு, "அதனாலதான் உனக்கு விசில் விழலையா?" என்றாள்.

தலையாட்டினேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் காயை நறுக்கி முடித்தேன். கடைக்கு லீவு சொன்னேன். பெட்டியை எடுக்க வருவாள், வாசலில் நின்று எப்படித் தடுப்பது என்று யோசித்தேன். எனக்குச் சிரிப்பாக வந்தது. டிசம்பரிலிருந்து நான் காத்திருந்ததே அந்தப் பெட்டி கிளம்புவதற்குத்தான். சிரிப்பு நிற்காமல் அழுகையாகிவிட்டது.

மத்தியானம் வந்தாள். எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பேசாம இருந்து உன்னைக் கொல்லணும்னுதான் தோணுச்சு. ஆனா அது அவரு பண்றது. நான் பண்ணமாட்டேன். நான் இப்ப உன்னைத் திட்டப்போறேன். எழுந்து போகக்கூடாது."

திட்டினாள். அடேயப்பா. என் வாய், என் புத்தி, என் சமையல், கல்யாணத்தன்று நான் உடுத்தியிருந்த புடவையின் நிறம், தம்பிக்கு நான் பார்த்துப் பார்த்துச் செய்யாதது, ஈரத் துண்டைப் பார்த்தால் நான் மூஞ்சியைச் சுளிக்கிற விதம், ஒன்று விடவில்லை. நடுவில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். அசையாமல் உட்கார்ந்து அவ்வளவையும் வாங்கிக்கொண்டேன். கடைசியில், "முடிஞ்சுது. பசிக்குது" என்றாள். சாப்பிட்டோம். உப்பு அதிகம் என்றாள். அதிகம்தான்.

மார்ச் 6, வியாழன்

எங்களுக்கு இன்று ஆட்டம் இல்லை. சங்கத்துக்கு நான் தனியாகப் போய், அவள் புருஷன் வீட்டுக்கெல்லாம் திரும்பப்போவதில்லை, வேலைக்கு வருவாள் என்று சொன்னேன். புது ஆளுக்கு ஏற்கெனவே சாவி கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்தவர், "குடும்ப விஷயம், நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார்.

மார்ச் 8, சனி

அண்ணன் வந்தார். கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். வாங்கிப் பார்த்து, "இதில ஒரு கோளாறும் இல்ல அண்ணா" என்று திருப்பிக் கொடுத்தேன்.

"எப்படி இருக்கா?"

"அவங்களையே கேளுங்க."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு பேசவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, நான் ஏதோ செய்துவிட்டேன், என்னவென்று நானே கண்டுபிடிக்கட்டும் என்கிற முகத்தோடு. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சில நிமிஷத்திலேயே என் வாய் மன்னிப்புக் கேட்கத் தயாராகிவிட்டது. எதற்கென்று எனக்கே தெரியவில்லை. அவள் எத்தனை வருஷம் இதில் குடித்தனம் நடத்தினாள்?

முதலாளி வந்து, "சார், வேற ஏதாவது பாக்கறீங்களா?" என்றதும் போய்விட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

கோச்சிடம் எல்லாவற்றையும் சொன்னோம். வியாழக்கிழமை ஆட்டம் தோற்றால் சீசன் முடிந்தது. ரெஃப்ரியை மாற்றச் சொல்லிக் கேட்டால் லீகில் வேறு ஆள் இல்லை என்கிறார்கள். கோச் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப நீ போட்ட ஸ்கிரீன் எல்லாம் திருட்டு ஸ்கிரீனா?"

"கொஞ்சம்."

"என் ரொட்டியைத் திருப்பிக் குடு."

பிறகு நாத்தனார் என்னை மைதானத்து மூலைக்குக் கூட்டிப்போய் நிற்கக் கற்றுக்கொடுத்தாள். இடி வருவதற்கு முன்னால் மூச்சை விடவேண்டும். பிடித்து வைத்தால் தோள் முந்தும். மோதினால் கூடவே பின்னால் விழுந்துவிடலாம், அது குற்றமில்லை. முன்னால் சாய்வதுதான் குற்றம். இருட்டும்வரை என்மேல் வந்து வந்து மோதினாள். கொஞ்சம் பழிதீர்க்கிற மாதிரியும் இருந்தது. இருக்கட்டும்.

மார்ச் 13, வியாழன்

தோற்றோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு நடந்ததை நடந்தபடி எழுதலாம்.

தொடக்கத்திலிருந்தே விசில். ஒருதடவை நான் உண்மையாகவே கல் மாதிரி நின்றேன், மூச்சை விட்டேன், மோதி விழுந்தேன். அதற்கும் விசில், எனக்கு எதிராக. தையல்காரி கத்தப்போனாள், கோச் இழுத்து நிறுத்தினாள். இரண்டாம் பாதியில் எனக்கு நான்கு ஃபவுல் ஆகிவிட்டது. இன்னொன்று என்றால் வெளியே.

ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம், நேரம் முடியப்போகிறது. கோச் டைம்அவுட் கேட்டாள். தரையில் மாவு இல்லாததால் தண்ணீரைத் தொட்டுக் கோடு போட்டாள். வழக்கமான ஆட்டம்தான், நான் நிற்கிறேன், நாத்தனார் ஓடுகிறாள். நாத்தனார் அந்தக் கோட்டைக் கையால் அழித்தாள்.

"மாத்துங்க. நான் நிக்கிறேன். இவ ஓடட்டும்."

"இவளா? ஓடறதா?" என்றாள் கோச்.

"இவ ஓடுவான்னு ஊர்ல ஒருத்தரும் எதிர்பாக்கமாட்டாங்க இல்ல."

என்னைக் காவல் காத்த பெண் என்னைப் பார்க்கவே இல்லை. எதற்குப் பார்க்கவேண்டும், சுவரை யாராவது காவல் காப்பார்களா. நாத்தனார் ஓசையில்லாமல் வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள். ஒரு எட்டு இடம். கால் அகட்டி, கை நெஞ்சில். நான் அவள் தோளை உரசிக்கொண்டு ஓடினேன். என் வாழ்க்கையில் அப்படி ஓடினதில்லை. பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். அந்தப் பெண் திரும்பின வேகத்தில் நாத்தனார்மேல் மோதி இரண்டு பேரும் கீழே.

பந்து என் கைக்கு வந்தது. கூடைக்கு அடியில் நான் தன்னந்தனியாக இருந்தேன். தூக்கிப் போட்டேன். அது வளையத்தின் அடிப்பக்கத்தில் பட்டு என் மூக்கிலேயே வந்து விழுந்தது. அதோடு மணி அடித்தது.

ஆனால் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் பக்கத்தில் நின்றார், விசில் வாயில். ஊதவில்லை, எடுக்கவும் இல்லை. அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லுங்க" என்றாள். "நான் என்ன தப்புப் பண்ணேன்?"

சாதாரணக் குரலில்தான் கேட்டாள். அவர் அவள் காலைப் பார்த்தார், அவள் நின்ற இடத்தைப் பார்த்தார். மைதானத்தில் அத்தனை பேர் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். ரெஃப்ரி பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். விசிலை எடுத்தார்.

"ஒண்ணும் இல்ல."

"கேக்கல."

"தப்பு எதுவும் இல்ல."

"சரி" என்று எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, என்னிடம் வந்து என் மூக்கைப் பிடித்துப் பார்த்தாள். "உடையல. நீ ஓடி நான் பார்த்துட்டேன், இனி செத்தாலும் பரவாயில்ல" என்றாள். அதற்குப் பிறகு வீடு வரும்வரை அழுதாள். நான் அவள் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

மூக்கு வீங்கியிருக்கிறது. கடைக்கு வந்த எல்லாரும் என்னிடம் ஃபிரேம் பற்றி ஆலோசனை கேட்க யோசித்தார்கள்.

இவர் சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றாமல் நேரே அக்காவிடம் போய், "நீ இங்கதான் இருக்கே. நாங்க ரெண்டு பேரும் சொல்றோம்" என்றார். என்னைக் கேட்காமல் எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். சரியான மாடியில்தான் நின்றார், அதனால் விட்டுவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

நாத்தனாருக்குப் பேக்கரியில் வேலை, விடியற்காலையில். சம்பளம் சுமார், ரொட்டி தாராளம். செவ்வாய்க்கிழமைகளில் கடைத்தெருப் பெண்பிள்ளைகளுக்கு அவளே பந்து சொல்லித்தருகிறாள். போன தடவை எண்ண முடியாத கூட்டம், ஒன்றுகூடச் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. மத்தியானம் வந்து என் அறையில் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறாள். அவளுடைய அறையில். இரண்டும் சரிதான்.

மார்ச் 30, ஞாயிறு

மத்தியானம் கதவைத் தட்டினார்கள். அண்ணன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பை நிறையப் பழம்.

"தூங்குறாங்க அண்ணா."

"எழுப்பேன். அன்னைக்கு நானே எல்லார் முன்னாடியும் தப்பு இல்லன்னு சொல்லிட்டேனே. இன்னும் என்ன? கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அவங்க வரச் சொன்னாங்களா?"

அந்த முகத்தைப் போட்டுக்கொண்டார், கடையில் போட்டுக்கொண்ட அதே முகம். எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது, "சாரி அண்ணா, உள்ள வாங்க" என்று. மூச்சை வெளியே விட்டேன்.

"வழி விடும்மா. ரெண்டு நிமிஷம்."

ஒரு எட்டு முன்னால் வைத்தார். நான் வாசற்படிக்கு இந்தப் பக்கம் காலை அகட்டி நின்று கை இரண்டையும் நெஞ்சில் கட்டிக்கொண்டேன். பழக்கதோஷம், அவர் கண் என் காலுக்குத்தான் போனது.

"நல்லாப் பாருங்க அண்ணா" என்றேன். "அசையுதா?"

பழத்தைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். கீழ்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகும் நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.